மருந்து மணிக்கணக்கில் வருகிறது. நாம் மாதக்கணக்கில் தூங்குகிறோம்

(மலாக்கா வட்டார நேயர்கள் கலந்துகொண்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



புதிய கணினி வைரஸ் ஒன்று கிளம்பினால், ஆண்டி வைரஸ் நிறுவனங்கள் எவ்வளவு வேகமாக அதற்கு மாற்று மருந்து தருகின்றன? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. இது கணினிக்காரர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம்.

வேலை இருக்கிறது, நேயர்களே. அந்தக் காலத்தில் தோட்டத்துக் குடும்பத்தின் கணக்கெல்லாம் கிராணியின் புத்தகத்திலும் மளிகைக் கடைக்காரரின் பற்று நோட்டிலும் இருந்தது. இன்று அப்பாவின் சேமநிதிப் பணம், பிள்ளையின் கல்விக் கடன், கோயில் நிர்வாகத்தின் வரவு செலவு, பள்ளிக்கூடத்து மதிப்பெண் பட்டியல் எல்லாமே ஒரு கணினிக்குள்ளோ கைப்பேசிக்குள்ளோ இருக்கின்றன. முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தை இரவோடு இரவாக எடுத்துச் செல்லும் திருடனுக்கு இன்று கடப்பாரை தேவையில்லை. ஒரு சின்ன கோப்பு போதும்.

கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுவனங்களின் தாமதம் மணிக்கணக்கில் இருக்கிறது. நம்முடைய தாமதம் மாதக்கணக்கில் இருக்கிறது. நமக்கு வரும் சேதத்தில் பெரும்பகுதி இந்த இரண்டாவது தாமதத்தால் வருவது. எப்படி என்று பார்ப்போம்.

மருந்து பிறக்கும் வழி

ஆண்டி வைரஸ் என்பது தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகாவைப் போன்றது. இன்னின்ன ஆளை உள்ளே விடாதே என்று அவரிடம் ஒரு படக்கட்டு கொடுத்து வைத்திருக்கிறோம். புதிய திருடன் வந்தால் அந்தக் கட்டில் அவன் படம் இருக்காது. ஜாகா சலாம் போட்டு உள்ளே விட்டுவிடுவார். புதிய படத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதைத்தான் அப்டேட் என்கிறோம்.

அந்தப் படம் நம் கைக்கு வருவதற்குள் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. முதலாவது, யாரோ ஒருவர் பாதிக்கப்பட்டு, அந்த வைரஸின் மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேரும் நேரம். இரண்டாவது, ஆய்வுக்கூடம் அதைப் பிரித்துப் பார்த்து, அடையாளம் எழுதி, சோதித்து வெளியிடும் நேரம். மூன்றாவது, வெளியான அப்டேட் நம் கணினியில் வந்து உட்காரும் நேரம். நடுக் கட்டம் மட்டும்தான் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. முதலும் கடைசியும் பெரும்பாலும் நம் கையில்.

முதல் கட்டம்: நோய் எதுவென்று தெரிய வேண்டும்

1998, 1999 ஆம் ஆண்டுகளில் நம் பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானைக் கலக்கிய காய்ச்சலை இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பன்றிப் பண்ணை ஊர்களில் மூளைக்காய்ச்சல் பரவியது. முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனாலும் மரணம் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அது முற்றிலும் புதிய வைரஸ் என்று கண்டறிந்தார். சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரால் அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். நோயின் அடையாளம் தெரிந்த பிறகுதான் சரியான நடவடிக்கை எடுக்க முடிந்தது.

கணினி வைரஸிலும் அடையாளம்தான் முதல் வேலை. அதற்கு மாதிரி வேண்டும். மாதிரி கையில் கிடைக்காத நிறுவனம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் பயனில்லை.

நான் தொடர்பியல் டிப்ளோமா படித்த காலத்தில், பாட வேலையை அச்சடிக்க மாணவர்கள் பென் டிரைவோடு நகல் எடுக்கும் கடைகளுக்குப் போவோம். ஒரு கடையில் செருகிவிட்டு வந்தால், மறுநாள் அது கல்லூரிக் கணினி முழுவதும் பரவியிருக்கும். கோப்புறை போலவே படம் வைத்துக்கொண்டு ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கும். திறந்தால் தீர்ந்தது. 2005 இல் இந்தோனேசியாவில் கிளம்பிய புரோந்தோக் என்ற வைரஸ் இந்த வகையைச் சேர்ந்தது. அதை நீக்கப் போகும் கருவியைத் திறந்தாலே கணினியை மறுபடி தொடங்க வைத்துவிடும் தந்திரக்காரன் அது.

இந்த மாதிரி வட்டார வைரஸ்களில் ஒரு சிக்கல் இருந்தது. அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் தாக்கும் வைரஸின் மாதிரி அன்றைக்கே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடும். ஜாவாவிலோ மலாக்காவிலோ பென் டிரைவ் வழியாகப் பரவுவதை யார் அனுப்புவது? அதனால் இந்தோனேசியாவில் பிசி மீடியா என்ற கணினி இதழ், உள்ளூர் வைரஸ்களுக்காகவே பிசிஎம்ஏவி என்ற ஆண்டி வைரஸைத் தயாரித்து இதழோடு கொடுத்தது. சென்னையில் 1991 இல் கேசவர்த்தனன் தொடங்கிய கே7 நிறுவனம், ஜப்பான் வரைக்கும் போய் விற்பனை செய்யும் அளவுக்கு வளர்ந்தது. வைரஸ் எங்கே பரவுகிறதோ அந்த மண்ணின் பக்கத்திலேயே ஓர் ஆய்வுக்கூடம் இருந்தால் மாதிரி சீக்கிரம் போய்ச் சேரும்.

நம் நாட்டிலும் அதற்கு இடம் இருக்கிறது. 1997 ஜனவரியில் தொடங்கப்பட்ட மைசெர்ட் என்ற அமைப்பு, இன்று சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் கீழ் சைபர்999 உதவி மையத்தை நடத்துகிறது. சந்தேகமான கோப்பைப் பற்றிப் பொதுமக்கள் அங்கே புகார் செய்யலாம். ஆனால் நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்? வைரஸ் வந்தால் கணினியை அழித்துப் புதிதாகப் போட்டுக்கொண்டு, வெளியே சொன்னால் வெட்கம் என்று இருந்துவிடுகிறோம். நாம் மறைத்த வைரஸ் அடுத்த வீட்டுக்குப் போகிறது.

இரண்டாம் கட்டம்: ஆய்வுக்கூடத்து மணி நேரம்

தொடக்க காலத்தில் அப்டேட் என்பது தபாலில் வந்தது. மாதத்துக்கு ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ பிளாப்பி டிஸ்க்கில் அனுப்புவார்கள். வைரஸும் பிளாப்பி வழியாகத்தான் பரவியது என்பதால் அந்த வேகம் போதுமானதாக இருந்தது.

மின்னஞ்சல் வந்தபிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. 2000 மே 4, வியாழக்கிழமை. மணிலாவிலிருந்து ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்போடு ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. காதல் கடிதம் என்று நம்பித் திறந்தவர்களின் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லாருக்கும் அது தானே போனது. மணிலாவுக்கும் மலாக்காவுக்கும் கடிகார நேரம் ஒன்றுதான். ஆசியாவில் அலுவலக நேரத்தில் கிளம்பி, ஐரோப்பா கண் விழித்தபோது அங்கே, அமெரிக்கா கண் விழித்தபோது அங்கே என்று சூரியனோடு சேர்ந்து அது உலகத்தைச் சுற்றி வந்தது. நிறுவனங்கள் அதே நாளில், சில மணி நேரத்தில் அப்டேட் வெளியிட்டன. ஆனால் அந்தச் சில மணி நேரத்துக்குள் கோடிக்கணக்கான வெள்ளி நஷ்டம் நடந்து முடிந்திருந்தது.

நிறுவனத்துக்கு நிறுவனம் வேகம் ஒன்றா? இல்லை. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் மார்க்ஸ் 2004 இல் இதை அளந்து பார்த்தார். அந்த ஆண்டு பரவிய மைடூம், பேகிள் போன்ற வைரஸ்களுக்கு யார் எத்தனை மணி நேரத்தில் அப்டேட் தந்தார்கள் என்று கணக்கெடுத்தார். மிக வேகமானவர்களுக்குச் சராசரியாக ஏழு மணி நேரம் போலப் பிடித்தது. மெதுவானவர்களுக்கு ஒரு நாளைத் தாண்டியது. பெயர் பெரிதாக இருப்பவரெல்லாம் முதலில் வந்துவிடவில்லை.

இன்று நிலைமை இன்னும் மாறிவிட்டது. புதிய தீய நிரல்கள் நாளொன்றுக்கு நாலரை லட்சத்துக்கு மேல் பதிவாவதாக அதே ஏவி-டெஸ்ட் கூறுகிறது. ஒவ்வொன்றுக்கும் மனிதர் உட்கார்ந்து அடையாளம் எழுத முடியாது. அதனால் நம் கணினி ஒரு சந்தேகக் கோப்பைப் பார்த்தவுடன் இணையம் வழியாக நிறுவனத்தின் பெரிய கணினியைக் கேட்கிறது. அது நடத்தையைப் பார்த்து நொடிகளில் பதில் சொல்கிறது. இணையத் தொடர்பு இருந்தால்தான் இந்த வசதி முழுமையாக வேலை செய்யும் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

அப்படியானால் வேகம்தான் எல்லாமா என்று கேட்டால், அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. மருந்தைச் சோதிக்காமல் அவசரத்தில் கொடுத்தால் நோயாளிக்கே ஆபத்து. 2010 ஏப்ரல் 21 இல் மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டது. நிறைய கணினிகள் முடங்கின.

அண்மைக்கால உதாரணம் நம் எல்லாருக்கும் தெரிந்தது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு அப்டேட் ஒன்று, மலேசிய நேரப்படி நண்பகல் 12.09க்கு வெளியானது. பிழை இருப்பது தெரிந்து 1.27க்கு அதைத் திரும்பப் பெற்றார்கள். நடுவில் 78 நிமிடம். அதற்குள் உலகம் முழுவதும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன. இங்கே ஏர் ஆசியா பயணிகள் வரிசையில் நின்றார்கள்; கேடிஎம் டிக்கெட் முறையும் பாதிக்கப்பட்டது. திரும்பப் பெற்றது சீக்கிரம்தான். ஆனால் விழுந்த கணினிகளைப் பெரும்பாலும் ஒவ்வொன்றாக ஆள் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது. ஆகவே, நிறுவனம் சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் வீண் நேரம் ஆகாது.

மூன்றாம் கட்டம்: நம் வீட்டு வாசல்

இப்போது நம் பக்கம் வருவோம். 1998 ஜூனில் தைவானில் சிஐஎச் என்ற வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. செர்னோபில் வைரஸ் என்று பத்திரிகைகள் எழுதினவே, அதுதான். அதற்கு மருந்து உடனே வந்தது. வைரஸ் வெடிக்கக் குறித்திருந்த நாள் ஏப்ரல் 26. மாதக்கணக்கில் நேரம் இருந்தும், 1999 ஏப்ரல் 26 அன்று ஆசிய நாடுகளில், முக்கியமாகத் தென் கொரியாவில், லட்சக்கணக்கான கணினிகள் அழிந்தன. மருந்து கடையில் இருந்தது. யாரும் வாங்கிக் குடிக்கவில்லை.

2003 ஜனவரி 25, சனிக்கிழமை, நம் நேரப்படி மதியம் ஒன்றரை மணி. ஸ்லாமர் என்ற வைரஸ் கிளம்பிப் பத்தே நிமிடத்தில், தாக்கக்கூடிய கணினிகளில் பத்தில் ஒன்பதைப் பிடித்துவிட்டது. பத்து நிமிடத்தில் எந்த நிறுவனம் மருந்து தர முடியும்? யாராலும் முடியாது. ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டினை மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே, அதாவது ஆறு மாதத்துக்கு முன்பே வெளியிட்டிருந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆண்டி வைரஸ் அப்டேட் என்பது ஜாகாவுக்குக் கொடுக்கும் திருடனின் படம். விண்டோஸ் அப்டேட் என்பது உடைந்த தாழ்ப்பாளைச் சரி செய்வது. தாழ்ப்பாள் சரியாக இருந்தால், படம் வர ஒரு நாள் தாமதமானாலும் வீடு தப்பிக்கும்.

2003 ஆகஸ்டில் வந்த பிளாஸ்டருக்கு 26 நாள் முன்பே தாழ்ப்பாள் வந்திருந்தது. 2017 மே 12 இல் வந்து, பிரிட்டன் மருத்துவமனைகளையே நிறுத்திய வன்னாகிரைக்கு 59 நாள் முன்பே வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் இதே கதைதான், நேயர்களே. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நம் ஊர்களில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஜாசின் பக்கம் ஒரு டியூஷன் நிலையத்தில் பழைய கணினி ஒன்று இருந்தது. அங்கிருந்த ஆசிரியையிடம், "டீச்சர், இதுக்குப் பாதுகாப்பு இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு தம்பி, ஆண்டி வைரஸ் போட்டிருக்கோம்" என்று மூலையில் இருந்த சின்னத்தைக் காட்டினார். திறந்து பார்த்தால், கடைசியாக அப்டேட் ஆன நாள் பதினான்கு மாதத்துக்கு முன்பு. இலவசக் காலம் முடிந்து சந்தா கட்டவில்லை. ஜாகா நாற்காலியில்தான் இருக்கிறார். ஆனால் ஓராண்டாகத் தூங்குகிறார். அந்தக் கணினிக்கு ஏழு மணி நேரமும் ஒன்றுதான், ஏழு நாளும் ஒன்றுதான்.

அந்த ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். தோட்டப்புறப் பிள்ளைகளுக்குக் கணினி கிடைப்பதே பெரிய காரியமாக இருந்த காலம் உண்டு. யாரோ கொடுத்த பழைய கணினி, கடைக்காரர் ஐம்பது வெள்ளிக்குப் போட்டுக் கொடுத்த திருட்டு விண்டோஸ். "அப்டேட் போட்டால் திருட்டு என்று தெரிந்துவிடும், அதனால் நிறுத்தி வைத்திருக்கிறேன்" என்று கடைக்காரரே சொல்லி அனுப்புவார். வறுமையால் எடுத்த முடிவு அது. ஆனால் வைரஸ் ஏழை, பணக்காரர் என்று பார்ப்பதில்லை. அதுவும் பழைய கணினியைத்தான் முதலில் தேடி வருகிறது.

இப்போது இன்னொரு கெடுவும் முடிந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு, பதிவு செய்துகொள்வோர்க்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு என்றும் அறிவித்தது. நம் வீடுகளிலும் சங்கங்களிலும் கோயில் அலுவலகங்களிலும் இருக்கும் கணினி எந்த விண்டோஸில் ஓடுகிறது என்று இந்த வாரமே பாருங்கள்.

கைப்பேசியில் வரும் கல்யாணப் பத்திரிகை

கணினியே இல்லாத வீட்டிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. 2022 ஏப்ரலில் ஈசெட் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்த போலிச் செயலிகளை அம்பலப்படுத்தியது. வீட்டைச் சுத்தம் செய்யும் சேவை என்ற வேடத்தில் வந்து, வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி எண்ணைத் திருடிக்கொண்டவை அவை. 2023 இல் புலனத்தில் கல்யாண அழைப்பிதழ் என்று ஏபிகே கோப்புகள் வருவதாக எச்சரிக்கைகள் வந்தன.

2000 இல் காதல் கடிதம். 2023 இல் கல்யாணப் பத்திரிகை. தந்திரம் ஒன்றுதான். அன்பை நம்பித் திறக்க வைப்பது. நம் சமூகத்தில் பத்திரிகை வந்தால் திறக்காமல் இருப்போமா? மரியாதைக் குறைவு ஆயிற்றே! அந்தப் பண்பைத்தான் திருடன் பயன்படுத்துகிறான்.

இங்கே ஆண்டி வைரஸின் வேகம் அரைப் பங்குதான் உதவும். கைப்பேசி, "இது ஆபத்தான கோப்பு, நிறுவவா?" என்று கேட்கும். சரி என்று அழுத்துவது நாம். ஜாகா தடுத்தும், ‘நம்ம ஆளுதான், விடுப்பா’ என்று நாமே கதவைத் திறந்துவிட்டால் அவர் என்ன செய்வார்? வங்கிகள் குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு வேறு முறைக்கு மாற வேண்டும் என்று பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் அறிவித்ததும் இதனால்தான்.

செய்ய வேண்டியவை நான்கு

ஒன்று, வாரத்துக்கு ஒரு முறை பெரட்டு எடுங்கள். காலையில் ஆள் வந்திருக்கிறாரா என்று தோட்டத்தில் பெயர் கூப்பிட்டது போல, ஆண்டி வைரஸைத் திறந்து கடைசி அப்டேட் தேதியைப் பாருங்கள். இன்றைய அல்லது நேற்றைய தேதி இருக்க வேண்டும். சந்தா கட்ட வசதி இல்லை என்றால், விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டரே போதும். தூங்குகிற விலை உயர்ந்த ஜாகாவைவிட, விழித்திருக்கிற இலவச ஜாகா மேல்.

இரண்டு, விண்டோஸையும் கைப்பேசியையும் அப்டேட் கேட்கும்போது ‘பிறகு’ என்று தள்ளாதீர்கள். மூன்று, முக்கியமான கணக்கு, படம், சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து, கணினியிலிருந்து கழற்றித் தனியாக வையுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த மூன்றையும் பிள்ளைகளின் பொறுப்பில் விடலாம். தாத்தா பாட்டி கைப்பேசியைப் பத்து நிமிடம் பார்த்துக் கொடுப்பதும் ஒரு சேவைதான்.

நான்கு, தவறு நடந்துவிட்டால் மறைக்காதீர்கள். பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே உங்கள் வங்கிக்கோ, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கோ அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு அதை நிறுத்த வாய்ப்பு உண்டு. ‘பிள்ளைகள் திட்டுவார்களே’ என்று இரண்டு நாள் மனத்துக்குள் வைத்துப் புழுங்குகிற அம்மாக்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: அம்மா வந்து சொன்னால் முதலில் தொலைபேசியை எடுங்கள். திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு அதற்கும் மனம் வராது.

மருந்து கொடுக்கும் வேகத்தைப் பற்றி நிறுவனங்களைக் கேள்வி கேட்போம். பணம் கட்டுகிற நமக்கு அந்த உரிமை இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால், இன்று இரவு வீட்டுக்குப் போனதும் அந்தத் தேதியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.